தெற்கு ரத வீதியில் இரண்டாவது படம்

2011 சித்திரையில், தேரோட்டம் முடிந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு, ஒரு பெண் தெருப் பெருக்குவதைப் படம் எடுத்தேன். தென்மாவட்டத்தில் தேர் ஓடும் ஊர்களில் ஒன்று. ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அவருக்கு இன்னும் அங்கேதான் வேலை.

அப்போது நான் எம்.ஏ. சமூகவியல் இறுதியாண்டு. ஆய்வேட்டின் அட்டைக்கு ஒரு படம் வேண்டும். சித்தப்பா மகனிடம் நிக்கான் டி3100 கேமராவையும் 55-200 ஜூம் லென்ஸையும் கடன் வாங்கிக்கொண்டு போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிழக்கே பார்த்து எடுத்தேன். முந்தின நாள் கூட்டம் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாக்கெட், பாக்குமட்டைத் தட்டு, இளநீர்க் கூடு என்று தெரு முழுக்கக் குப்பை. விளக்குமாறு போன வேகத்தில் எழுந்த புழுதி, பின்னாலிருந்து வந்த வெயிலில் தங்கத்தூள் மாதிரி மின்னியது. எதிர்வெளிச்சத்தில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது கூட்டி வைக்காவிட்டால் முகம் இருண்டுபோகும் என்பது எனக்குத் தெரியாது. முகம் கரியாகத்தான் விழுந்தது. அதைக் கலை என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரிப் போட்டியில் நடுவராக வந்தவரும் அப்படித்தான் நினைத்தார். முதல் பரிசு கொடுத்தார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேறு சாதிக்காரர் எவராவது இப்படி எடுத்திருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். 'நானும் சேரியில் பிறந்தவள்தானே' என்ற எண்ணம் எனக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது. நான் பறையர், அவர் அருந்ததியர். 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் அதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் டீக்கடையிலிருந்து ஜூம் செய்தபோது எனக்குள் எந்த உறுத்தலும் இல்லை.

அந்தப் படத்தை ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது, கொடுத்தேன். நாட்காட்டியில் போட்டார்கள். அதோடு மறந்தும் போனேன்.

பிறகு பன்னிரண்டு வருடம் இந்த வேலைதான். பி.எஃப். பிடித்தும் கட்டாத ஒப்பந்தக்காரர்கள், கையுறை கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையுறை கொடுக்காத மேஸ்திரிகள், மலக்குழிச் சாவுகள். 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் பார்த்த இரவு என் பழைய படம் ஞாபகத்துக்கு வந்து கூசியது. ஆனாலும் அந்தத் தெருவுக்கு நான் போகவில்லை. உண்மையைச் சொன்னால், பயம்.

2023இல்தான் போனேன். சித்திரை, அதே மறுநாள் காலை. கையில் பழைய படத்தின் பிரிண்ட் ஒன்று. இந்த முறை என்னிடம் இருந்தது சொந்தக் கேமரா. 35 எம்.எம். லென்ஸ், ஜூம் கிடையாது. ஆள் தெரிய வேண்டுமானால் நாலைந்து அடி பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டுப் பேசாமல் இருக்க முடியாது.

"அக்கா, இது நீங்கதான்" என்று பிரிண்டை நீட்டினேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "நீதானாம்மா இத எடுத்தது? காலண்டர்ல பாத்திருக்கேன். மகன் படிச்ச பள்ளிக்கூடத்துல மாட்டி வச்சிருந்தாக."

முகம் தெரியாதே அக்கா, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன்.

"முகம் தெரியலேன்னா என்ன? வண்டி நம்பர் தெரியுதுல்ல. நான் குனியுற குனி தெரியாதா ஊருக்கு? பயலுக கேலி பண்ணுனானுகன்னு ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகல அவன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல பாதிய வெட்டிட்டீகளா? இந்தப் பக்கம் சுவர் இருக்கும். தகரம் எங்க?"

அன்றிரவு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து மூலக் கோப்பைத் திறந்தேன். இடது ஓரத்தில் சுவர். சுவரடியில் திறந்த சாக்கடை. கரையில் வெள்ளையாக பிளீச்சிங் பவுடர், ஒரு டப்பா, வளைந்த தகரத் துண்டு. பின்பக்கக் கட்டணக் கழிப்பறையின் குழாய் அந்தச் சாக்கடையில்தான் திறக்கிறது. திருவிழாக் கூட்டத்துக்கு அடைத்துக்கொள்ளும். தகரத்தால் மலத்தை அள்ளி வண்டியில் போட்டுவிட்டு, பவுடர் தூவிவிட்டு, அதன் பிறகுதான் அவர் நான் எடுத்த புழுதிக்கு வந்திருக்கிறார். கண்ணை உறுத்துகிறது, தங்கத்தூளிலிருந்து கவனம் சிதறுகிறது என்று அந்த மூலையை வெட்டியது நான்தான்.

டோரதியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட லாங் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற செரோக்கி பழங்குடிப் பெண் அவர் என்பது உலகுக்குத் தெரியவந்தது 1978இல். அந்தப் படத்தின் மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரல் அழகைக் கெடுக்கிறது என்று லாங் அதைப் பின்னால் அழிக்கச் செய்தார். அவர் அழித்தது ஒரு விரலை. நான் வெட்டி எறிந்தது ஒரு குற்றத்தின் தடயத்தை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் உலர் கழிப்பிடங்களைப் பற்றித்தான் பேசியது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கழிப்பறை மலம் வந்து விழும் திறந்த சாக்கடையையும் சேர்த்தது. ஆக, அந்த அக்கா இப்போதும் தினம் செய்கிற வேலை சட்டப்படி யாரும் யாரையும் செய்யச் சொல்லக் கூடாத வேலை. தாளில் அவர் வெறும் 'பெருக்குபவர்'. 2020இல் பெயர் மட்டும் தூய்மைப் பணியாளர் என்று மாறியது.

மறுநாள் மறுபடியும் போனேன். எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்தான் சொன்னார். குழாய் வாய், தகரம், கையுறை இல்லாத கை, வண்டி எண் எல்லாம் ஒரே சட்டகத்தில் வர வேண்டும் என்றால் சாக்கடைக் கரையில் முழங்காலிட வேண்டியிருந்தது. நாற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்பது படம் எடுத்தேன். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

"மொகம் வேண்டாம்" என்றார். "மேஸ்திரி பாத்தான்னா அடுத்த மாசம் என் பேரு இருக்காது."

அதனால் இரண்டாவது படத்திலும் முகம் இல்லை. தட்டையான வெளிச்சம், சட்டகம் கொஞ்சம் கோணல். எந்தப் போட்டியிலும் தேறாது. வெட்டாமல், தேதியும் நேரமும் இருக்கும் மூலக் கோப்போடு அதை மனுவில் இணைத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். வண்டி எண்ணைக் கொடுக்கலாமா என்று முந்தின இரவு நீண்ட நேரம் பேசினோம். எண் இல்லாவிட்டால் 'எங்கள் தெருவே இல்லை' என்பார்கள். எண் இருந்தால் ஆள் தெரிந்துவிடும். கடைசியில் அந்தத் தெருவின் ஆறு வண்டிகளும் வரிசையாகத் தெரிகிற மாதிரி ஒன்றை எடுத்து அதையும் சேர்த்தோம். அது மற்ற ஐந்து பேரின் யோசனை. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

கிளம்பும்போது வேறொரு படம் கேட்டார். வேலை முடிந்து குளித்து, பச்சைச் சேலை கட்டி, மகள் கல்லூரிக்குக் கிளம்புகிற நேரத்தில் இருவரையும் வீட்டு வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வைத்திருந்தேன். பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தை இங்கே போட மாட்டேன்.