போர் ஓய்ந்த பின்னர்ப் போர்வீரன்

நம் கலாசாலை நூல்நிலையத்தில் மாணவர் கைபட்டுக் கைபட்டு அட்டை நைந்த நூல்கள் எவையென நோக்கின், அவற்றுட் பெரும்பாலன மேனாட்டு மர்ம நாவல்களேயாம். போர்க்களத்தினின்று மீண்ட வீரனொருவன், தனக்கோ தன் தோழனுக்கோ இழைக்கப்பட்ட கொடுமைக்கு நியாயந் தேடிப் புறப்படுவதும், ஒளிந்திருந்த பகைவனை ஊர் ஊராய்த் துரத்திப் பிடிப்பதும், இடையே தான் போரிற் செய்த பாவமொன்றிற்குக் கழுவாய் தேடிக்கொள்வதும் அவற்றிற் பலவற்றின் கதைப்போக்கு. யாமும் அவற்றை இரவெல்லாம் விழித்துப் படித்ததுண்டு. படிக்கத் தகாதன என்று சொல்ல வந்தோமல்லோம். ஆயினும் ஓர் ஐயம் எம்மை விட்டு நீங்கிற்றில்லை. போரினின்று திரும்பும் நம்மவனுக்கு நியாயம் வழங்கவேண்டியவர் யாவர்? அவன் துரத்திப் பிடிக்கத்தக்க பகைவன் ஒருவன் உளனா?

தமிழில் மர்மக் கதைக்குப் பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வாசகர்தம் உறக்கத்தைக் கெடுத்தவர்கள். ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தினின்று மீண்ட தமிழ் வீரனை எம் நெஞ்சிற் பதியுமாறு காட்டியவர் ப. சிங்காரம் ஒருவரே. 1920-ஆம் ஆண்டு சிங்கம்புணரியிற் பிறந்து, இளமையிலேயே சுமத்திராத் தீவின் மெடான் நகரத்திற்குப் பிழைக்கச் சென்று, யுத்தம் முடிந்தபின் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் அமர்ந்த இவர், அந்நகரக் கிறிஸ்தவ வாலிபர் சங்க விடுதியிலே நெடுங்காலம் தனியராய் வாழ்ந்து 1997-இல் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே: 1959-இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’, 1972-இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’. பின்னதன் நாயகன் பாண்டியன் கடலிற் புயலோடு போராடிப் பினாங்கு சேர்ந்து, இந்திய தேசிய இராணுவத்திற் புகுந்து, அப்போர் ஓய்ந்த பின்னும் துப்பாக்கியைக் கீழே வைக்கமாட்டாது, டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போரில் இறங்குகின்றான். மர்ம நாவலின் விறுவிறுப்பு அனைத்தும் அதில் உண்டு. ஆயினும் எம் ஐயத்திற்கு நேர்விடை கூறுவது முன்னதே.

அதன் நாயகன் செல்லையா. பினாங்கிலே வயிரக்கண்ணுப் பிள்ளையென்னும் வட்டிக்கடை முதலாளியிடம் வேலை பார்த்தவன். இடையே நேதாஜியின் படையிற் சேர்ந்தவன். முதலாளியின் மகள் மரகதத்தை அவனுக்கே கொடுப்பதென்னும் எண்ணம் முன்பு இருந்தது. போர் முடிந்து திரும்பியவனைக் கண்ட பிள்ளையோ, பட்டாளத்திற் புகுந்தவன் இனித் தொழிலுக்கு உதவான் என்று தீர்த்துவிடுகின்றார். செல்லையாவின் எதிரே நிற்பது வஞ்சகனல்லன். கணக்குப் பேரேட்டையே வேதமாய்க் கொண்ட ஒரு நேர்மையான மனிதன். அவரைச் சுட்டுத் தள்ளினால் நியாயம் கிட்டிவிடுமா?

எம் பாட்டனாரின் தமையனார் ஒருவர் மயிலத்தையடுத்த சிற்றூரினர். இளமையிலே கங்காணியொருவன் சொற்கேட்டு மலாயாவின் இரப்பர்த் தோட்டத்திற்குப் பால் வெட்டச் சென்றார். அந்நாளில் நம் தென்னார்க்காட்டுப் பகுதியினின்று அவ்வாறு கப்பலேறினோர் பலர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பின்னர், தோட்டத் தொழிலாளர் திரள் திரளாய்ப் படையிற் சேர்ந்தபொழுது இவரும் சேர்ந்து பர்மா வரை சென்றார். ஊர் மீண்டு மயிலம் இரயில் நிலையத்தில் இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டி மாத்திரமே இருந்ததாம்.

யாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்து, எழுத்தறியாத அவருக்குக் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் பல மாலைகளிற் படித்துக் காட்டினோம். செல்லையாவுக்காக அவர் கண்ணீர் வடிப்பார் என எதிர்பார்த்தோம். அவரோ, “அந்தப் பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருக்குது தம்பி. எனக்கே ஒரு பெண் இருந்தால் என்னைப்போல ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுப்பேனா?” என்றார். அவர் மணஞ்செய்துகொள்ளாமலேயே வாழ்ந்தவர் என்பதை ஈண்டுச் சொல்லவேண்டும்.

1945 நவம்பரிலே தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் என்னும் மூவர் விசாரிக்கப்பட்டதையும், 1946 ஜனவரியில் அவர்தம் தண்டனை நீக்கப்பெற்றதையும் நாடு முழுதும் அறியும். அவர்கள் அதிகாரிகள். பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்த தொழிலாளிக்கு அத்தகைய நீதிமன்றமும் வாய்த்திலது. ஜப்பான் சரணடைந்ததும், உடுப்பைக் களைந்துவிட்டுத் தோட்டத்திற்கே திரும்பினவர் பலர். எம் பாட்டனாரும் அவ்வாறே. 1972-இல் மத்திய அரசாங்கம் விடுதலைப் போராட்ட வீரர்க்கு உதவித்தொகை வகுத்தபொழுது, நேதாஜி படையினரும் அதற்கு உரியராயினர். ஆயினும் ஆறு மாதமேனும் சிறையிலிருந்தமைக்குச் சான்று வேண்டும் என்பது பொது விதி. பாட்டனார் ஓர் அலுவலகத்தின் படிகளில் மும்முறை ஏறி இறங்கினார். அங்கிருந்த எழுத்தர் அவரை நாற்காலியில் அமர்த்தி, “பெரியவரே, ஒரு சீட்டாவது உண்டா?” என்று பரிவோடுதான் கேட்டார். இல்லை. போரிட்டும் சிறைப்படாமையே அவர் குறையாயிற்று. அவ்வெழுத்தரைப் பகைவன் என்போமா? சட்டத்தை வகுத்தோரும் பொய்யரை விலக்கவே அவ்விதியை வைத்திருப்பர். மர்ம நாவலாசிரியனுக்கு இவ்விடத்தில் ஒரு வேலையுமில்லை.

கழுவாய் என்பது வேறு. அதை அவர் எவரிடமும் கேட்டிலர். அதே தோட்டத்தில் அயலூர்ச் சிறுவனொருவன் இருந்தான். அவனைப் படையிற் சேருமாறு தூண்டியவர் இவரே. பர்மாவினின்று பின்வாங்கிய மழைக்காலத்திற் காய்ச்சல் கண்டு அவன் வழியில் விழுந்தான். தூக்கிச் செல்ல இவர்க்கு வலுவில்லை. ஊர் திரும்பியதும் அவன் அன்னையைத் தேடிச் சென்று, மகன் காய்ச்சலில் இறந்தான் என்றளவே கூறினார். அன்று முதல் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்திற்கு மயிலம் மலைக்கு வருமுன், ஒரு சேலையும் ஒரு மரக்கால் அரிசியும் அவ்வன்னையின் வாயிலிற் சேர்ப்பார். அவ்வம்மையார் அவரைத் “தம்பி” என்றே அழைத்து, உணவிட்டு அனுப்புவார். உண்மை முழுதும் அவர் அறிந்திருந்தாரோ என்று ஒருமுறை யாம் வினவ, பாட்டனார், “கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை” என்று கூறி வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

நான்காம் முறை விண்ணப்பம் எழுதித்தர யாம் முன்வந்தபொழுது அவர் வேண்டாமென்றார். அம்மூதாட்டி மறைந்த ஆண்டிற்குப் பின் அவர் உத்திரத் தேர் காண மயிலம் சென்றிலர்.