மாரானுக்கு மோட்டாரில் வரும் தம்பிகளுக்கு, பை கட்டுவது பற்றி

வேலும் மயிலும் துணை 🙏

பங்குனி உத்திரம் நெருங்குது. போன வாரத்திலிருந்து எங்களுக்கு ஒரே போன். "அண்ணே, இந்த வருசம் மாரானுக்கு மோட்டார்ல போறீங்களா, நாங்களும் சேர்ந்துக்கலாமா?" என்று. தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன்னால் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். நீளமான பதிவுதான், கோவிச்சுக்காதீங்க.

எங்கள் ஆலயத் தொண்டர்களில் ஏழு பேர் மோட்டாரில் போகிறோம். அதில் ஐந்து ஸ்போர்ட் மோட்டார், 150 சிசியிலிருந்து 250 சிசி வரை. தம்பிகள் வாங்கினால் அது வயசுக் கோளாறு. எங்களில் மூத்தவர் ஐம்பது தாண்டியவர், அவரும் ஒன்று வைத்திருக்கிறார். அது மகன் விட்டுப்போனது. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், மோட்டார் வீட்டு வாசலில் சும்மா கிடந்தது. ரோட் டெக்சும் இன்சூரன்சும் கட்டுகிற காசுக்கு ஓட்டித் தொலைப்போம் என்று வேலைக்கு எடுத்துப் போக ஆரம்பித்தார். முதல் நாளே தெரிந்துவிட்டது, சாப்பாட்டுப் பையை மாட்ட இடம் இல்லை.

கப்சாய் ஓட்டின காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. முன்னால் கூடை, நடுவில் கொக்கி. அன்னதானத்துக்கு அரிசி மூட்டையைக் கால் நடுவே வைத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். ஸ்போர்ட் மோட்டாரில் அதெல்லாம் இல்லை. பின்சீட் இரண்டு உள்ளங்கை அகலம், அதுவும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பை வைத்தால் கைக்குட்டை வைக்க இடமிருக்காது. கொக்கியை மாட்டலாம் என்று பார்த்தால் எல்லாம் பிளாஸ்டிக். வலது பக்கம் எக்சோஸ் பைப் கொதிக்கும். ஆள் வேகமாகப் போவதற்காகச் செய்த வண்டி. அதில் டிபன் கேரியர், சேஃப்டி சப்பாத்து, ரெயின்கோட், மாலை பூஜைக்கு மாற்று வேட்டி எல்லாம் ஏற்ற வேண்டும் என்றால் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நாங்கள் யோசிக்கவில்லை. ரப்பர் கயிறு, இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி, பசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதைத்தான் எல்லாரும் வைத்திருந்தோம். கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு பெடரல் ஹைவே மோட்டார் பாதையில் தினமும் போய் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது சரி என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருசம் மாரான் பயணத்தில் நடந்ததைப் பலர் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருஷ்டி என்று ஒருத்தர், விரதம் சரியில்லை என்று ஒருத்தர். நடந்தது இதுதான்.

விடியற்காலை கிளம்பினோம். காராக் மலைப் பாதை, சுரங்கம், பெந்தோங் எல்லாம் தாண்டி கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் தெமர்லோ ஓய்விடத்தில் தே தாரேக் குடிக்க நின்றோம். கிள்ளானிலிருந்து மாரானுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்ற தெம்பு. அப்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்களில் சின்னத் தம்பி, இருபத்திரண்டு வயசு, அவன் ரெயின்கோட் பைக்கு அடியில் இருந்தது. முழுப் பையையும் அவிழ்த்து, பித்தளைக் குடத்தை வெளியே எடுத்து, விபூதிப் பொட்டலங்களை எடுத்து, ரெயின்கோட்டை உருவினான். மறுபடி அடுக்கும்போது தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. "நகருடா, நான் கட்டறேன், மழை வருது" என்று எங்களில் மூத்தவர் கையை வைத்தார். இரண்டு ரப்பர் கயிறு, குறுக்கே ஒன்று, நீளவாக்கில் ஒன்று. கொக்கியை நம்பர் பிளேட் தகட்டில் மாட்டினார். ஒரு இழு இழுத்துப் பார்த்தார். கிளம்பியாச்சு.

பத்து கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். பை இடது பக்கமாகச் சரிந்திருக்கிறது. சரிந்ததும் கொக்கி நழுவியிருக்கிறது. தொங்கிய கயிறு செயினுக்குள் போய் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. தொண்ணூறில் போய்க்கொண்டிருந்த வண்டி, பின்சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த நாங்கள் பார்த்தது, வண்டி வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது, பிறகு படுத்தது. தம்பி அவசரப் பாதைப் பக்கம் சறுக்கிப் போனான். பின்னால் வந்த லோரி ஹாரனை அழுத்திக்கொண்டே வலது பக்கம் ஒதுங்கிப் போனது. அது ஒதுங்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். குடம் ரோட்டில் உருண்டுகொண்டே போனது. விபூதி மழைத் தண்ணியில் கரைந்து தார் ரோட்டில் வெள்ளையாக ஓடியது.

காரை எலும்பு முறிவு, இரண்டு உள்ளங்கைத் தோலும் உரிந்துவிட்டது. முருகன் புண்ணியத்தில் அவ்வளவுதான்.

மருத்துவமனைக்கு அவன் அம்மா கிள்ளானிலிருந்து வந்தார். அழவில்லை, கத்தவில்லை. "யாருண்ணே கட்டுனது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் ஆறு பேர் நின்றோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தம்பியே படுக்கையிலிருந்து, "நான்தான்மா கட்டுனேன், விடு" என்றான்.

மூன்று வெள்ளிக்கிழமை அப்படியே போனது. அந்த அம்மா வருவார், விளக்கு போடுவார், எங்களைப் பார்க்காமல் போவார். நாலாவது வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போது, கட்டியவர் போய்ச் சொன்னார். கட்டியவர் இதை எழுதுகிறவர்தான். தொழிற்சாலையில் ஒரு சரக்குப் பலகை சரியாகக் கட்டாமல் கேட்டைத் தாண்டினால் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிற வேலை. அங்கே பார்க்கிற கண்ணு இங்கே எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த அம்மா கேட்டுக்கொண்டார். "அவன் சொன்னப்பவே தெரியும்ணே, அவன் கட்டுனா முடிச்சு வேற மாதிரி இருக்கும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதிலிருந்து ஒரு வருசமாக நாங்கள் ஒவ்வொரு மோட்டாராகப் பார்த்துப் பார்த்துச் செய்ததைத்தான் இனி எழுதுகிறோம்.

முதல் வேலை, கொக்கி ரப்பர் கயிறு எல்லாவற்றையும் ஆலயக் குப்பைத் தொட்டியில் போட்டோம். இப்போது அகலமான நாடா, பிளாஸ்டிக் பூட்டு வைத்தது. பின்சீட்டைச் சாவி போட்டுக் கழற்றினால் அடியில் இரும்புச் சட்டம் தெரியும். நாடாவை அந்த இரும்பைச் சுற்றி விட்டு, நுனியை வெளியே எடுத்து, சீட்டை மேலே மாட்டிவிட வேண்டும். நாலு மூலையிலும் நாலு நாடா. பிளாஸ்டிக்கிலோ நம்பர் பிளேட்டிலோ சிக்னல் கம்பியிலோ கட்டவே கூடாது. மிச்சம் தொங்கும் நாடா நுனியைச் சுருட்டி ஒட்டுப்பட்டையால் கட்டுங்கள், தேவையே இல்லை என்றால் வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி இறுக்குங்கள். ஆளைக் கொல்வது அந்த நுனிதான். கட்டின பிறகு இரண்டு கையாலும் பையைப் பிடித்து ஆட்டினால் மோட்டார்தான் ஆட வேண்டும், பை ஆடக் கூடாது.

பக்கவாட்டில் தொங்கப் போடும் பைகளை எங்களில் ஒருவர் வாங்கிப் பார்த்தார். இடது பக்கம் நன்றாக இருந்தது. வலது பக்கம் எக்சோஸ் பைப்பில் பட்டு ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த புது வேட்டியும் போச்சு. பைப்புக்கு மேலே தகடு அடித்து, பைக்கும் பைப்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி வைத்தால் போடலாம். வாங்கும்போது காலிப் பையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாமான் வைத்ததும் தொங்கிவிடும், பின்னால் ஆள் ஏறினால் இன்னும் இறங்கும்.

பெட்டி விஷயம். நம்ம ஊரில் எல்லா மோட்டாரிலும் பின்னால் ஜிவி பெட்டிதான், ஸ்போர்ட் மோட்டாருக்கும் தனியாகத் தாங்கி கிடைக்கிறது. தினசரி வேலைக்குப் போக அதை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சாவி போட்டுப் பூட்டலாம், மழை உள்ளே போகாது, பிரசாதம் நசுங்காது. அழகு போய்விடும் என்று தம்பிகள் முகத்தைச் சுளிப்பார்கள், மழையில் ஒரு தடவை சாப்பாடு நனைந்தால் சரியாகிவிடும். ஆனால் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். சின்னப் பெட்டிகளில் மூன்று கிலோ என்றுகூட இருக்கும், வேகம் 120க்கு மேல் போகாதே என்றும் இருக்கும். எங்களில் ஒருவர் அதில் ஐந்து லிட்டர் எண்ணெய் போத்தல் இரண்டை வைத்துக்கொண்டு ஹைவேயில் போனார். நூறைத் தாண்டியதும் ஹேண்டில் இலேசாகிப் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பின்சக்கரத்துக்கும் பின்னால், உயரத்தில் பாரம் ஏற ஏற, முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் ஏறி விளையாடும் ஏற்றப் பலகை மாதிரிதான். அதனால் கனமான சாமான் கீழேயும் முன்னாலேயும், வேட்டி துண்டு மாதிரி இலேசானது பின்னால் மேலே.

தாங்கியின் போல்ட்டுகளுக்குத் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தோம். இறுக்கின பிறகு போல்ட் தலையிலிருந்து தகடு வரை வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு. வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும். கோடு நேராக இல்லை என்றால் போல்ட் சுற்றியிருக்கிறது. இரண்டாவது வாரத்திலேயே எங்கள் மோட்டார் ஒன்றில் கோடு விலகியிருந்தது.

டேங்க் மேலே வைக்கும் காந்தப் பையைக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். நிறைய மோட்டாரில் மேலே தெரிவது பிளாஸ்டிக் மூடி, காந்தம் ஒட்டாது. ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து வைத்துப் பாருங்கள், செலவில்லாத சோதனை. ஒட்டாவிட்டால் நாடா வைத்தது வாங்க வேண்டும். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். பை ஹாரனை அழுத்துகிறதா, எக்சலேட்டரைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபூதி, குங்குமம், பிரசாதம் எல்லாம் நாங்கள் இந்த முன்பையில்தான் வைக்கிறோம். ஆள் உட்காரும் சீட்டில் வைக்க எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. செருப்பும் சப்பாத்தும் அதோடு சேரக் கூடாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரெயின்கோட் எப்போதும் மேலே. பங்குனி மாதம் மத்தியானத்துக்கு மேல் மழை வராத நாள் குறைவு. பைக்குப் போடும் மழை உறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், சக்கரத்தில் மாட்டினால் அதுவும் கயிறு மாதிரிதான். சாமானைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதைப் பைக்குள் வையுங்கள்.

பாரம் ஏற்றினால் பின்பக்க ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்குங்கள். டயர் காற்று எவ்வளவு என்று செயின் மூடிக்குப் பக்கத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும், இரண்டு பேருக்கான அளவை வையுங்கள். செயின் தொய்வையும் பாரத்தோடு ஒரு தடவை பாருங்கள். பின்னால் அமுங்கினால் முன்விளக்கு மேலே அடிக்கும், எதிரே வரும் லோரிக்காரர் கண் கூசும், அதையும் இறக்குங்கள். புறப்பட்டு இருபது கிலோமீட்டரில் ஒரு தடவை நின்று எல்லா நாடாவையும் இழுத்துப் பார்ப்போம். நடுவில் யாராவது பையைத் திறந்தால், திறந்தவர் கட்ட வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். மழை கொட்டினாலும் அப்படித்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோமே, அதே மரியாதையை நாடாவுக்கும் கொடுப்போம்.

இன்னொன்று. போன வருசப் பைகளை மடைப்பள்ளித் தராசில் வைத்துப் பார்த்தோம். தம்பியின் பை குடத்தோடு பதினொரு கிலோ. அதில் அவனுடைய சொந்தச் சாமான் நாலு கிலோதான். மிச்சம் ஆலயச் சாமான், நாங்கள் அவன் தலையில் கட்டியது. சின்னப் பையன், இல்லை என்று சொல்ல மாட்டான். இந்த வருசம் குடம், விபூதி, மளிகை எல்லாம் வேனில் போகும். வாடகைக்கு நிர்வாகத்தில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது, பிறகு ஒரு புண்ணியவான் உபயமாக ஏற்றுக்கொண்டார்.

தம்பி இந்த வருசமும் வருகிறான். அதே மோட்டார். போன ஞாயிறு காலைப் பூஜைக்குப் பிறகு பையைக் கட்டி வளாகத்தில் நிறுத்தியிருந்தான். அவன் அம்மா வந்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பையைப் பிடித்து இழுத்தார். மோட்டார் சாய்ந்தது, நாங்கள் ஓடிப் பிடித்தோம். பை அசையவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து நாடா எங்கே போகிறது என்று பார்த்தார். "ரெயின்கோட் எங்கடா?" என்றார். அவன் முன்பையைத் திறந்து காட்டினான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

எங்களோடு வர விரும்புகிறவர்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் மாலைப் பூஜை முடிந்ததும் மோட்டாரோடு ஆலயத்துக்கு வாருங்கள். காலிப் பை வேண்டாம், கொண்டு போகிற சாமான் எல்லாவற்றையும் வைத்துக் கட்டிக்கொண்டு வாருங்கள். தராசு மடைப்பள்ளி வாசலில் இருக்கும்.