எதிரியின் கோலம்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே சமவெளியில் விரியும் செங்கம் வட்டாரம் நடுகற்களால் பெயர்பெற்றது. நடுகல் என்பது பூசலில், பெரும்பாலும் ஆநிரை கவரும்போதோ மீட்கும்போதோ, வீழ்ந்த வீரனுக்கு எடுக்கப்பட்ட நினைவுக்கல். பல்லவர் காலக் கல்வெட்டுகளுடன் இங்குக் கிடைத்த கற்களை இரா. நாகசாமி பதிப்பிக்க, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. இக்கற்களை ஒருசேரப் பார்ப்பவர் உணரக்கூடியது ஒன்றுண்டு: வீரனின் முகம் பெரும்பாலும் பொதுமுகமாகவே அமைய, சிற்பியின் கவனமெல்லாம் கையிலிருக்கும் வில், ஓங்கிய வாள், இடைக்கச்சையில் செருகிய குறுவாள், முடிந்த கொண்டை, உடலில் தைத்த அம்புகள் ஆகியவற்றின்மேல் சென்றிருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல்லில், இரு கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயும் வீரனுக்குப் பின்னால் நிற்கிறது. களத்தில் ஒருவன் யார், எதைக்கொண்டு போரிட்டான் என்பதைத் தொலைவிலிருந்தே சொல்வது அவனுடைய கோலமே என்ற அறிவு அந்தச் சிற்பிகளிடம் இருந்தது.

இந்த அறிவுக்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல், சேரனின் பனம்பூவையும் பாண்டியனின் வேம்பையும் சோழனின் ஆத்தியையும் சொல்லும்போது, பகைவேந்தர் கலந்து பொரும் களத்தில் இன்னார் படை இன்னதென்று தெரிவதற்காகவே வீரர்கள் அவற்றைச் சூடினர் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பூ அழகுக்காகவும் சூடப்பட்டிருக்கலாம். ஆனால் இலக்கண ஆசிரியர் அதன் பயனை எதிரில் நிற்பவனின் கண்ணில் வைத்தார் என்பது பெரிதும் எண்ணத்தக்கது. அந்தப் பூ தன் பொருளை இழந்து தவித்த தருணத்தைப் புறநானூற்றின் 45ஆம் பாட்டு காட்டுகிறது. சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தமக்குள் பொருதபோது, எதிரில் நிற்பவன் சூடியிருப்பது பனம்பூவும் அன்று, வேம்பும் அன்று, உன் கண்ணியைப் போன்ற ஆத்தியே என்று புலவர் கோவூர் கிழார் எடுத்துக்காட்டி, எவன் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்று போரை விலக்க முயன்றார். எதிரியின் கோலத்தை வாசித்துச் செய்த அறிவுரை அது.

இன்று கைப்பேசியிலும் கணினியிலும் பலர் ஒரே நேரத்தில் இணையவழி மோதும் போர் விளையாட்டுகளில் இதே வாசிப்பு திரும்ப வந்திருக்கிறது. பப்ஜியை எடுத்துக்கொண்டால், நூறு பேர் வெறுங்கையுடன் ஒரு தீவில் குதித்து, கிடைப்பதை எடுத்து அணிந்து, கடைசிவரை உயிரோடிருக்கப் போராடுகிறார்கள். ஹெல்மெட்டும் வெஸ்ட்டும் மூன்று லெவல்களில் கிடைக்கின்றன. லெவல் 1 ஹெல்மெட் அடியில் 30 விழுக்காட்டைத் தடுக்க, முகத்தையே மூடும் லெவல் 3 ஹெல்மெட் 55 விழுக்காட்டைத் தடுக்கிறது. ஆகவே மரத்தின் பின்னிருந்து எட்டிப் பார்க்கும் தலையின் வடிவத்தைக் கண்டே, இவனைச் சுடலாமா, விட்டுவிட்டு நகரலாமா என்று கணப்பொழுதில் முடிவெடுப்பவரே தேர்ந்த ஆட்டக்காரர். முதுகிலுள்ள பையின் பருமன்கூட அவன் எவ்வளவு தேடிச் சேர்த்திருக்கிறான் என்பதைச் சொல்லிவிடும். குறிபார்க்கும் திறனுக்கு இணையான திறன் இது. பார்வையாளர் கண்ணுக்குப் படாததால் உரிய புகழைப் பெறாதிருக்கிறது.

இந்த வாசிப்புக்கு இடையூறாக வருவது ஸ்கின் எனப்படும் ஒப்பனை ஆடை. ஆட்ட வலிமையைக் கூட்டாமல் தோற்றத்தை மட்டும் மாற்றுவது என்று அதற்கு வரையறை சொல்லப்படுகிறது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட பப்ஜி மொபைல், 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியபோது, பழைய கணக்கிலிருந்த ஆடைகளைப் புதிய கணக்குக்குக் கொண்டுவரும் வசதியும் அளிக்கப்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு அவை எவ்வளவு வேண்டியவை என்பதற்கு இதுவே சான்று. பணம் கொடுத்து வாங்கும் யுசி என்னும் ஆட்ட நாணயத்தைச் செலவிட்டு ஓர் இளைஞர் தன் வீரனை அழகுபடுத்திக்கொள்வதில் குறைகாண ஒன்றுமில்லை. போருக்குச் செல்பவன் தன்னை அணிசெய்துகொள்வது தமிழ்நிலத்தின் தொன்மையான வழக்கமே ஆகும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டை வடிவமைத்தவர்கள், நிறத்தால் அணியையும், நிழலுரு எனத்தக்க உடற்கோட்டால் ஒன்பது வகை வீரருள் இவர் எவர் என்பதையும், மார்புப் பகுதியின் ஒளிமிகுதியால் கையிலுள்ள ஆயுதத்தையும் எதிரி உடனே அறியவேண்டும் என்று திட்டமிட்டே உருவங்களை வரைந்தனர். தொல்காப்பியரின் நோக்கும் அவர்களுடைய நோக்கும் ஒன்றே. ஆனால் 2009 முதல் அதே ஆட்டத்தில் தொப்பிகளும் அணிகலன்களும் பெருகப் பெருக அந்த உடற்கோடு மங்கலாயிற்று. கால் ஆஃப் டியூட்டி வார்சோன் ஆட்டத்தில் ரோஸ் என்னும் பாத்திரத்துக்கு 2020இல் வந்த முழுக்கருப்பு ஆடை, இருண்ட மூலைகளில் நிற்பவரைக் காணவே இயலாமற் செய்ய, எதிர்ப்புக்குப்பின் அதை ஒளிரச்செய்ய நேர்ந்தது. தோற்றத்தை மட்டும் மாற்றுவது என்ற வரையறை அங்கே பொய்த்தது. காணப்படாமை என்பதே களத்தில் பெரிய வலிமை.

மறைவே கூடாது என்பதன்று இதன் பொருள். வெட்சி எனப்பட்ட பூசலில் மறவர் ஆநிரையைக் களவிலேயே கவர்ந்தனர். பப்ஜியிலும் வானிலிருந்து விழும் ஏர் டிராப் பெட்டியில் புல்போர்வை போன்ற கில்லி சூட் கிடைக்கிறது. அப்பெட்டியை நோக்கிப் பலரும் ஓடிவர, உயிரைப் பணயம் வைத்து அதைப் பெறுபவன் களத்துக்குள்ளேயே அந்த மறைவை ஈட்டுகிறான். களத்துக்கு வெளியே கடையில் வாங்கிய மறைவு அத்தகையதன்று. இவ்வேறுபாட்டை ஆட்ட நிறுவனங்கள் வேண்டுமென்றே தெளிவின்றி விட்டிருப்பதாகவே தோன்றுகிறது, ஏனெனில் மறைக்கும் ஆடைக்கு வாங்குவோர் மிகுதி.

தீர்வு அரியதன்று. 2012இல் வெளியான கில்ட் வார்ஸ் 2 ஆட்டத்தில், எதிரி எத்தகைய ஆடை அணிந்திருந்தாலும் அவரைப் பொதுவான அடிப்படை உருவத்தில் தன் திரையில் மட்டும் காணும் விருப்பத்தேர்வு உண்டு. அணிந்தவர் தம் அழகைத் தாம் காண்கிறார், எதிர்ப்பவர் தமக்கு வேண்டிய செய்தியைப் பெறுகிறார், விற்றவருக்கும் இழப்பில்லை. தமிழக இளைஞர் மிகுதியாக ஆடும் கைப்பேசி ஆட்டங்களுக்கும் இவ்வசதி வரவேண்டும். பரிசுப்பணம் வைத்துப் போட்டி நடத்துவோர், அது வரும்வரை, எல்லா அணிகளும் அடிப்படை ஆடையுடனேயே களமிறங்க வேண்டும் என்று விதி செய்யட்டும்.