இரண்டு கரண்டிகள்

இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி

தமிழில் கரண்டி என்னும் ஒரே சொல் இரண்டு கருவிகளைக் குறிக்கிறது. ஒன்று குழம்பு ஊற்றுவது. மற்றொன்று கலவை பூசுவது. முதலாவது பெண்ணின் கைக்கு உரியது, இரண்டாவது ஆணின் கைக்கு உரியது என்று யார் எழுதி வைத்தார்கள்? எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. ஆயினும், கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் சற்று நின்று பாருங்கள்! கல்லும் மண்ணும் சுமப்பவள் சித்தாள். கரண்டி பிடிப்பவர் கொத்தனார். கையாளாக வரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி வாங்கிக் கொத்தனாராகிவிடுகிறான். சித்தாளாக வரும் பெண்ணோ முதுகு வளையும்வரை சித்தாளாகவே இருக்கிறாள்.

என் தாயார் பதினெட்டு ஆண்டுகள் சித்தாள் வேலை பார்த்தவர். என் தந்தையார் டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு நாங்களே டைல்ஸ் ஒட்டினோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆண்டு மலரில் குளியலறையைப் பற்றியும் கட்டுரையா என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். மொகஞ்சதாரோவைத் தோண்டியபோது வெளிப்பட்ட வீடுகளில், செங்கற்களை நெருக்கமாகப் பதித்து, நீர் வடிய ஒரு புறமாகச் சாய்த்துக் கட்டிய குளியலறைகள் இருந்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த மக்களின் அறிவை அந்தத் தரையின் சாய்விலேயே அறிஞர்கள் கண்டனர். நம் வீட்டுத் தரையில் மட்டும் அறிவு இல்லையா என்ன?

எங்கள் குளியலறை ஐந்தடி நீளம், நான்கடி அகலம். வெறும் சிமெண்டுத் தரை. நாளடைவில் மேற்பூச்சு அரித்து, குழிகளில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துவிட்டது. என் அப்பாயிக்கு வயது 74. ஒருமுறை அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அடுத்த முறை இடுப்பு எலும்பாக இருந்தால்? அந்தக் கேள்வி எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஊரில் எத்தனையோ வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர் வீட்டில் சிமெண்டுத் தரை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். முதலில் பணம் இல்லை. பிறகு கை இல்லை. ஆம், தந்தையாரின் கைகள்தாம் காரணம். விரலிடுக்குகளில் அரிப்பு, வெடிப்பு, நீர்க்கசிவு என்று சில ஆண்டுகள் அவதிப்பட்டார். இனிச் சிமெண்டைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது இரவுக் காவல் வேலைக்குப் போகிறார்.

சிமெண்டு ஏன் கையைத் தின்கிறது என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். நீர் பட்ட சிமெண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. கலவையின் பி.எச். மதிப்பு 12-க்கும் மேலே போகிறது. அந்தக் காரம் தோலை அரிக்கும். இதைவிடப் பொல்லாதது, சிமெண்டில் நுண்ணளவில் கலந்திருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் நோய் திரும்பும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், நீரில் கரையும் இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருந்தால் அந்தச் சிமெண்டைக் கைவேலைக்கு விற்கக் கூடாதென்று 2005 முதல் விதி இருக்கிறது. அங்கே இரும்பு சல்பேட்டைச் சேர்த்து, குரோமியத்தை மூன்று இணைதிறன் நிலைக்கு இறக்கிவிடுகிறார்கள். நம் ஆய்வகத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டைப் பியூரெட்டில் எடுத்து இரும்பு உப்பை அளவிடுகிறோமே, அதே வினைதான்! மதிப்பெண்ணுக்காக அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், குடுவையில் நடப்பது தந்தையாரின் விரல்களைக் காத்திருக்கக்கூடிய வினை என்று எண்ணிப் பார்த்தேன். அன்றுமுதல் வேதியியல் எனக்கு வெறும் பாடமாக இல்லை.

டைல்ஸ் கொத்தனாரின் நாள்கூலி இன்று ஆயிரம் ரூபாய்க்குக் குறைவில்லை. மேலும், சின்ன வேலை என்றால் யாரும் எளிதில் வருவதில்லை. முடிவில் தந்தையாரே சொன்னார்: “பாப்பா, நான் திண்ணையில உக்காந்து சொல்றேன். நீ ஒட்டு.”

அவர் வேலை செய்த இடங்களில் மிச்சமென்று கொடுத்த டைல்ஸ் பெட்டிகள் வீட்டின் பின்புறம் கிடந்தன. அவற்றில் கண்ணாடிபோல் மின்னியவற்றைத் தரைக்கு எடுத்தேன். “அது சுவருக்கு. தரைக்குச் சொரசொரப்பானதுதான். ஈரத்தில் பளபளப்பு எமன்” என்றார். சுவருக்கும் தரைக்கும் இடையே இன்னொரு வேற்றுமையும் உண்டு. சுவருக்கான சாதாரண டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும். ஆகவே ஒட்டுமுன் அதைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். இல்லையேல் கலவையின் நீரை அது உறிஞ்சிக்கொள்ள, சிமெண்டு இறுகாமல் வெறும் பொடியாக நிற்கும். விட்ரிஃபைடு டைல்ஸோ அரைப் பங்குகூடக் குடிக்காது. அதில் வெறும் சிமெண்டுப் பால் சரியாகப் பிடிக்காது என்பதால் அதற்கென்று விற்கும் பசையைப் பயன்படுத்த வேண்டும்.

முதல் நாள் பழைய தரையைக் கொத்தி எடுத்தோம். பிறகு வாட்டம். டைல்ஸ் வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வாசலிலிருந்து வடிகால் துளைவரை ஐந்தடிக்கு ஓர் அங்குலம் இறக்கம் என்பது தந்தையாரின் கணக்கு. மட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிச் சுவரில் கோடு போட்டு, நூல் கட்டினோம். டைல்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாட்டம் தவறினால் தண்ணீர் நிற்கும்; நின்ற இடத்தில் பாசி வரும்; பாசி வந்த இடத்தில் அப்பாயி விழுவார்.

டைல்ஸ் ஒட்டிவிட்டால் நீர் கசியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. இணைப்புகளில் உள்ள சிமெண்டு வழியே நீர் மெல்ல இறங்கும். ஆகையால் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை டைல்ஸுக்கு அடியில் தரை முழுவதும் பூசி, சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். காய்ந்தபின் வடிகாலைத் துணியால் அடைத்து, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். மறுநாள் நீர்மட்டம் இறங்கவில்லை. வெளிச்சுவரிலும் ஈரம் இல்லை. அதன் பிறகே கலவை போட்டோம்.

கலவை தாயாரின் பொறுப்பு. ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல். அவர் அளந்து ஊற்றவில்லை. கையுறை போட்ட கையில் கலவையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். உருண்டை உடையாமலும் விரலிடுக்கில் வழியாமலும் இருந்தபோது, “போதும்” என்றார். கலந்து அரைமணி ஆன கலவையில் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைக்க விடவில்லை. காரணம் கேட்டால், “செத்துப் போன கலவை” என்பார். சாதாரணச் சிமெண்டு இறுகத் தொடங்குவதற்கு 30 நிமிடங்களாவது ஆக வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. பள்ளிக்கூடம் போகாத தாயார் அந்த அரைமணியைக் கூலி வேலையில் கற்றிருந்தார்.

நான் முதல் வரிசையை மூலையிலிருந்து தொடங்கப் போனேன். தந்தையார் வாய் திறக்குமுன் தாயார் குறுக்கிட்டார்: “மூலையில ஆரம்பிக்காதே. வாசலுக்கு நேரா முழு டைல்ஸ் வரட்டும். வெட்டுத் துண்டு எல்லாம் கண்ணுக்குப் படாத அந்த மூலைக்குப் போகட்டும்.” தந்தையார் திரும்பிப் பார்த்தார். “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். தாயார் கலவையைக் கிளறிக்கொண்டே, “பதினெட்டு வருஷமா கலவை கொண்டாந்து கொடுத்தவளுக்குக் கண்ணு இல்லையா?” என்றார்.

திண்ணையிலிருந்து சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு தந்தையார், “பாப்பா, கரண்டியை அம்மாகிட்ட கொடு” என்றார்.

நண்பர்களே! அடுத்த இரண்டு நாட்கள் நான்தான் சித்தாள். தாயார் கொத்தனார். சிமெண்டுப் பால் ஊற்றி, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து அவர் நகர்ந்த வேகத்தைக் கண்டு நான் வியந்தேன். டைல்ஸின் நான்கு மூலைகளுக்கடியிலும் கலவை நிறைந்திருக்க வேண்டும்; நடுவில் மட்டும் ஓர் உருண்டை வைத்து அமுக்கினால் மூலைகள் பொள்ளலாக நின்று, ஒரு வாளியை வைத்தாலே உடையும் என்று எனக்குச் சொல்லியும் கொடுத்தார். டைல்ஸ் வெட்டும்போது மட்டும் தந்தையார் எழுந்து வந்து, வெட்டும் இடத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்வார். உலர வெட்டினால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அவருடன் வேலை செய்த இருவர் இருமிக்கொண்டே தொழிலை விட்டவர்கள்.

ஒட்டிய மறுநாள் இணைப்புகளை நிரப்பினோம். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிமெண்டை வைக்காமல் சிலிகான் வைத்தோம். சுவரும் தரையும் வெப்பத்தில் வெவ்வேறு விதமாக நகரும். சிமெண்டு அங்கே விரிசல் விடும், சிலிகான் வளைந்து கொடுக்கும். பிறகு சில நாட்கள் ஈரப்படுத்தினோம். சிமெண்டு உலர்ந்து இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. நீரை மறுத்தால் வினையும் நின்றுவிடும்.

வீட்டில் பழைய டைல்ஸ் உள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். கரண்டியின் கைப்பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் நலம். வெற்றுப் பானை ஓசை வந்தால் அடியில் பிடிப்பு இல்லை. அதை எடுக்க வேண்டுமானால் முதலில் சுற்றியுள்ள இணைப்பைக் கீறி நீக்கிவிட்டு, நடுவில் உடைத்து, ஓரம் நோக்கிக் கொத்தி எடுங்கள். ஓரத்தில் உளியை வைத்து நெம்பினால் அடுத்த டைல்ஸும் உடையும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அடியிலுள்ள பழைய கலவையைச் சுரண்டிய பிறகே புதியதை ஒட்ட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கறையோடு இணைப்புச் சிமெண்டையும் கரைத்துவிடும். அந்த வழியே நீர் இறங்கும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

எங்கள் வேலை முடிந்த சில வாரங்களில் எதிர்வீட்டில் மூன்று டைல்ஸ் பெயர்ந்தன. அவர்கள் தந்தையாரைத் தேடி வந்தார்கள். “எனக்குக் கை ஆகாது, அவள் செய்வாள்” என்று தாயாரைக் காட்டினார். அவர்கள் தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள். அன்று தாயார் வாங்கி வந்தது கொத்தனார் கூலி. சித்தாள் கூலியைவிட எத்தனை ரூபாய் கூடுதல் என்பதை அவர் மூன்று முறை எண்ணிப் பார்த்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த புதுமை அன்று. ஜார்க்கண்ட் மாநிலத்தில் தூய்மை இந்தியா இயக்கத்தின்போது கழிப்பறை கட்டப் பயிற்சி பெற்ற கிராமப் பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்று அழைத்தார்கள். கேரளத்தின் குடும்பஸ்ரீ அமைப்பு பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி தந்து வீடுகளையே கட்ட வைத்திருக்கிறது. இதற்குப் புதிய ஆட்களைத் தேட வேண்டியதில்லை. வேலையின் பாதியைப் பார்த்தே கற்றுக்கொண்ட பெண்கள் இன்று காலையும் நம் ஊர்ச் சந்திப்பில் தூக்குச் சட்டியுடன் கூலிக்குக் காத்து நின்றார்கள். அவர்களுக்குத் தேவை மீதிப் பாதிக்கான வாய்ப்பு. கூடவே ஒரு ஜோடி கையுறை.

இக்கல்லூரியில் என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர் இருக்கிறோம். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேளாமலே வகுப்புக்கு வந்துவிடுகிறோம். நெசவோ, உழவோ, சூளையோ, சமையலோ, உங்கள் தாயார் எதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றிருக்கிறார் என்று இந்த விடுமுறையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டதோடு நில்லாமல், அதற்குரிய கருவியை அவர் கையில் கொடுத்தும் பாருங்கள்.