மாமாவின் ரெக்கார்டுக்கு எந்த முள்?

வைப்ரேஷன் ஃபார்முலா எல்லாம் வாழ்க்கையில் எதுக்குடா உதவப்போகுது என்று பின் பெஞ்சில் நாம் பேசாத நாளே இல்லை. எனக்கு உதவியது. பரீட்சை ஹாலில் அல்ல, அரியலூர் பக்கம் என் மாமா வீட்டில்!

மாமா 1980-களில் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவர் குழாய்தான் மரத்தில் ஏறும். கேசட் வந்தது, ரெக்கார்டுக்கு வேலை போனது. ஆனாலும் தட்டுகளையும், சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கிய டர்ன்டேபிளையும் அவர் விற்கவில்லை. அதில் இருப்பது ஷூர் எம்44 கார்ட்ரிட்ஜ். முள் தேய்ந்து பாட்டு கரகரத்தது. ஷூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. ஆனால் ஜப்பானின் ஜிகோ போன்ற கம்பெனிகள் பழைய மாடல்களுக்கு முள் செய்கின்றன. பழைய முள்ளை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும்.

எதை வாங்குவது? அங்கேதான் தகராறு.

"விலை கூடுனா நல்ல முள்ளுதானே மாப்ளே? இருக்கறதுலயே ஒசத்தியாப் போடு."

"இருங்க மாமா, கணக்குப் போட்டுச் சொல்றேன்."

எனக்குப் பயம் பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. அந்தத் தட்டுகளில் ஒன்று என் அம்மா கல்யாணத்தில் ஓடியது. முள் கெட்டால் வேறு வாங்கலாம். தட்டு கெட்டால்?

பெரம்பலூர் ஹாஸ்டலுக்குத் திரும்பி நோட்டை எடுத்தேன். முதலில் முனையின் அளவு. எல்பி, 45 தட்டுகளுக்கு 0.7 மில், அதாவது சுமார் 18 மைக்ரான். பழைய 78 தட்டுக்கு 3 மில், சுமார் 76 மைக்ரான். சின்ன முள்ளை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசும். பெரிய முள்ளை எல்பியில் வைத்தால் பள்ளமே நாசம். ஆக, 78-க்குத் தனி முள்.

அடுத்தது வடிவம். நீள்வட்ட முனை, தட்டின் உள்வட்டங்களில்கூட மெல்லிய ஒலிகளைத் தெளிவாக எடுக்கும். ஆனால் சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். உருண்டை முனை அவ்வளவு நுணுக்கம் இல்லை, ஆனால் சின்னக் கோணப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் நம் பாடம். எம்44-க்கே 44-ஜி என்ற முள் முக்கால் முதல் ஒன்றரை கிராம் அழுத்தத்தில் ஓடும். 44-7 ஒன்றரை முதல் மூன்று கிராம். "கனம் கொறஞ்சா தட்டு தேயாதுல்ல?" என்றார் மாமா. அப்படி இல்லை. அழுத்தம் போதாவிட்டால் முள் குதித்துப் பள்ளத்தின் சுவரை அடிக்கும். மேலும் ஆர்ம் ஒரு மாஸ், முள்ளின் ரப்பர் ஒரு ஸ்பிரிங். இரண்டின் ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. மாஸை கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். கனமான பழைய ஆர்ம், கார்ட்ரிட்ஜோடு 25 கிராம் என்று வையுங்கள். கம்ப்ளையன்ஸ் 25 உள்ள மெத்தென்ற முள் என்றால் 6.4 ஹெர்ட்ஸ். வளைந்த தட்டின் ஆட்டம் எல்லாம் அந்தப் பக்கம்தான்! கம்ப்ளையன்ஸ் 10 உள்ள விறைப்பான முள் என்றால் 10 ஹெர்ட்ஸ். கச்சிதம்.

44-7 வகை, உருண்டை முனை. அதுதான் முடிவு. 78-க்கான முள் அடுத்த செமஸ்டர் கழித்து.

முள்ளை வைக்கும் முன் தட்டுகளைச் சுத்தம் செய்தோம். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ஊராயிற்றே, தூசிக்கா பஞ்சம்? அந்தத் தூசியோடு ஓட்டினால் வைரமுனையும் உப்புக்காகிதம் மாதிரிதான்.

பாட்டு வந்தது. "இதுல தபேலா இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியுது மாப்ளே" என்றார். சில இடங்களில் கரகரப்பு போகவில்லை. அது அந்தக் காலத்து ஐந்து கிராம் முள் உழுத தடம். அதை எந்த முள்ளாலும் சரிசெய்ய முடியாது என்றதும், "போவட்டும், அது நம்ம தொழில் பண்ண அடையாளம்" என்று சிரித்தார்.

தோழர்களே, ப்ராஜெக்ட்டுக்குப் பார்ட்ஸ் வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறும்போது, விலைப்பட்டியலுக்கு முன்னால் டேட்டா ஷீட்டைப் படியுங்கள். உயர்ந்த பார்ட்டைவிடப் பொருந்துகிற பார்ட்டே மேல். அந்த 159 ஃபார்முலாவையும் மறந்துவிடாதீர்கள், அரியர்ஸ் பேப்பரிலும் உதவலாம்!