எட்டுக்கு வெளியே

ஹாரோ, லண்டன்

அன்பு மருமகளுக்கு,

எல்.எல்.ஆர். கைக்கு வந்துவிட்டது, முப்பது நாள் கழிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் லைசென்ஸ் தேர்வில் எட்டு போடப்போகிறாய் என்று அண்ணன் போனில் சொன்னார். பிளவக்கல்லில் இருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை, பஸ்ஸை எதிர்பார்த்து நிற்காமல் சொந்த வண்டியில் போகப்போகிறது என்பதில் எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? "கால் ஊனாம போட்டுருவாளா?" என்பதுதான் அண்ணனுக்குக் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சாயங்காலம் சுற்றினால் எட்டு வந்துவிடும். எட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகு இருப்பதைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முதலில் இங்கே நான் லைசென்ஸ் வாங்கிய கதையைக் கேள். பிரிட்டனில் குடியேறிய நாளில் இருந்து ஓராண்டு வரை நம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். அதன் பிறகு, ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும், எல் போர்டு மாட்டித்தான் தொடங்க வேண்டும். முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். 2014 ஏப்ரல் வரை அந்தக் கேள்விகளைக் காதில் தமிழில் கேட்டுக்கொண்டே பதில் சொல்லலாம் என்று இருந்தது. பிறகு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

அதைத் தாண்டினால் ரோட்டுத் தேர்வு. வண்டியில் ஏறும் முன்பே 20 மீட்டர் தள்ளி நிற்கிற காரின் நம்பரை வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்க முடியவில்லை என்றால் அப்படியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாசித்துவிட்டால் சுமார் 40 நிமிஷம், பஸ்ஸும் சைக்கிளும் பள்ளிப்பிள்ளைகளும் போகிற தெருக்களில் ஓட்ட வேண்டும். சின்னத் தவறு 15 வரை விட்டுக்கொடுப்பார்கள். ஆபத்தான தவறு ஒன்று செய்தால் போதும், ஃபெயில். போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஃபெயிலாகிறார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். "அக்கா, முதல்ல கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகுதான் ஸ்டியரிங்" என்பதை மந்திரம்போல் ஓதுவார். பார்த்தேனே என்று சொன்னால் விட மாட்டார். "நீங்கள் பார்த்தது பின்னால வாறவனுக்குத் தெரியுமோ? தலையைத் திருப்பிப் பாருங்கோ." தேர்வு நாளில்தான் அவர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்று விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி என் கையையும் காலையும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. என் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதை ஓரத்தில், ரோட்டைக் கடப்போமா வேண்டாமா என்று ஒரு பாட்டி யோசித்து நின்றார். நான் வேகத்தைக் குறைத்ததும் அதிகாரி தன் கையில் இருந்த கருவியில் ஒன்றும் குறிக்கவில்லை. இந்தத் தேர்வில் ஒன்றும் குறிக்காமல் இருப்பதுதான் பாராட்டு. பாஸ் ஆனேன்.

இந்தக் கண்டிப்பு இவர்களுக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை. 1934-ல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் செத்தார்கள். இன்று ஓடுகிற வண்டிகளில் சிறு பங்குதான் அன்றைக்கு இருந்தது. லெஸ்லி ஹோர் பெலிஷா என்பவர் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1935 ஜூன் 1 முதல் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குத் தேர்வு கட்டாயம் ஆனது. 2022-ல் இங்கே சாலையில் இறந்தவர்கள் 1,711 பேர். ஜனத்தொகையில் பிரிட்டனைவிடச் சற்றே பெரிய நம் தமிழ்நாட்டில் அதே வருஷம் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். பத்து மடங்கு! தேர்வு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இங்கே பெரும்பாலும் கார், நம்மூரில் பெரும்பாலும் பைக். ரோடு, ஆம்புலன்ஸ், ஹெல்மெட், போலீஸ் என்று எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு உள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது.

நம் சட்டம் இதை அறியாதது என்று நினைத்துவிடாதே. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியை எடுத்துப் படித்துப் பார். லைசென்ஸ் கேட்கிறவர் எதையெல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்று நீண்ட பட்டியல் போட்டிருக்கிறார்கள். சிக்னல் போடும் முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். ரோட்டைக் கடப்பவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். பட்டியலின் முடிவில் வருவது, மற்றவர்களிடம் மரியாதையோடும் அக்கறையோடும் ஓட்டுவது. ஆனால் நம்மூர்க்காரர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர், ஒரே காலையில் வரிசையில் நிற்கிற அத்தனை பேரையும் பார்த்து அனுப்ப வேண்டும். எட்டு போடுகிற நேரத்தில் பட்டியல் முழுவதையும் அவர் எப்படிப் பார்ப்பார்? உன் கை பேலன்ஸை அவர் பார்த்துக்கொள்வார். மிச்சத்தை நீதான் உனக்குத் தேர்வு வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு உன் ரோட்டைவிட நல்ல மைதானம் கிடையாது. கூமாபட்டி வளைவில் தேங்காய் லோடு ஏற்றிய வண்டி நின்றால், அதன் மறைவில் இருந்து ஒரு ஆள் வெளியே வருவார் என்றே வைத்துக்கொள். மாட்டு மந்தை எதிரே வந்தால் ஹாரன் அடிக்காதே, ஓரங்கட்டி நில். அமாவாசை, பௌர்ணமி என்றால் சதுரகிரிக்குப் போகிற வேன்கள் வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறைப் பக்கம் திரும்பும். ராத்திரி முழுக்கக் கண் விழித்து வந்த டிரைவராக இருக்கலாம், அவர் சிக்னலை நம்பி முந்தாதே. 2025 ஜூனில் கூமாபட்டி ரீல்ஸைப் பார்த்துவிட்டுப் பிளவக்கல் அணையைத் தேடி வந்தவர்களைப்போல, வழி தெரியாமல் ஓட்டுகிறவர் திடீரென்று நிறுத்துவார், அதற்கும் இடம் விட்டுப் போ. கிருஷ்ணன்கோவிலில் நீ ஏறப்போவது மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை. ராஜபாளையத்து மில் பஸ்ஸும் கேரளா போகிற லாரியும் உனக்காக வேகத்தைக் குறைக்க மாட்டா. அங்கே நின்று, வலது பக்கம், இடது பக்கம், திரும்பவும் வலது பக்கம் பார்த்துவிட்டு ஏறு.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்கூட்டியில் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தருவார்கள். அண்ணனின் பைக்கையும் ஓட்டும் எண்ணம் இருந்தால் கியர் வண்டியிலேயே போய்ப் போடு. இரண்டாவது, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். லைசென்ஸ் வந்ததும் அண்ணன் பெருமையாக உன் பின்னால் ஏறி வத்திராயிருப்புக்கு டீ குடிக்கக் கிளம்புவார், பார். பக்கத்தில்தானே, ஹெல்மெட் எதற்கு என்றும் கேட்பார். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சொல். கேட்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதே. அவருக்கான ஹெல்மெட் காசை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை