நிலாவரையில் போட்ட தேசிக்காய்

நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அதைச் சோதித்துப் பார்த்தேன். வாடகைக்குப் பிடித்த பழைய ஒஸ்டின் காருக்குள் நாங்கள் ஒன்பது பேர். பின்பெட்டியில் வாழையிலையில் கட்டிய புளிச்சோறும் மோர்ப் போத்தல்களும். புத்தூர்ப் பக்கம் இறங்கி, அக்கா அடையாளத்துக்கு நகத்தால் கீறித் தந்த காயைக் கிணற்றில் எறிந்தேன். பிறகு கீரிமலையில், மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டு எழும்பும்வரை கேணிப் படியிலேயே இருந்தேன். காய் வரவில்லை. "அது ஆறுதலா வரும்" என்றார் ஐயா.

1988இல் ரொறன்ரோவுக்குப் போன நான் 2023இல்தான் மனைவி, பிள்ளைகளோடு கொக்குவில் வீட்டுப் படி ஏறினேன். வீட்டில் அக்கா மட்டும். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் லண்டனில்.

பார்க்க வேண்டிய இடங்களை மகள் போனில் எழுதி வைத்திருந்தாள். முதல் நாள் கோட்டையும் நூலகமும். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டையின் மதிலில் ஏறி நின்று பண்ணைக் கடலைப் பார்த்தோம். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் மறுபடியும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அடுத்த நாள் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு. அங்கே முருகைக்கல் வேலிகளையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் மகன் படம் எடுத்துத் தள்ளினான். மூன்றாம் நாள் காரைநகர் கசூரினாக் கடல், பின்னேரம் நல்லூரில் ஐஸ்கிறீம்.

ஒவ்வொரு நாளும் வான் வாசலுக்கு வந்தவுடன் அக்காவைக் கூப்பிடுவேன். "நீங்கள் போட்டு வாங்கோ. எனக்கு உங்கை என்ன கிடக்கு?" என்பாள். உள்ளூர்க்காரருக்கு உள்ளூர் சலித்துப்போகும், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை, புட்டு அவித்துக்கொண்டிருந்தவளிடம் சும்மா கேட்டேன். "அக்கா, கீரிமலைக்குக் கடைசியா எப்ப போனனீங்கள்?"

"நீ வெளிநாடு போக முதல் எல்லாருமாப் போனமே, அதுதான்."

கொக்குவிலில் இருந்து கீரிமலை 20 கிலோமீற்றர்கூட வராது. ரொறன்ரோவில் இருந்து நயாகரா அதைப்போல ஆறு மடங்குக்கு மேல். ஆர் விருந்தாளி வந்தாலும் நயாகராவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். இத்தனை வருசத்தில் முப்பது தடவைக்குக் குறையாது. அக்கா 35 வருசமாக அந்த 20 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, அந்தப் பக்கம் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. சில காணிகள் இன்னும் விடுபடவில்லை. ஆனால் கீரிமலைக்குப் பாதை திறந்து வருசக்கணக்காகிவிட்டதே என்றேன். புட்டுக்குழலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "பாதை திறக்கேக்கை கூட்டிக்கொண்டு போக ஆக்கள் இல்லை."

அன்றைக்கு அவளை விடவில்லை. வெளிக்கிட்டு வந்தபோது கைப்பையில் ஒரு தேசிக்காய் இருந்தது.

கோப்பாய், நீர்வேலி எல்லாம் கடந்து போகும் வழியெங்கும் செம்பாட்டு மண்ணும் வாழைத்தோட்டமும். நிலாவரையில் அக்கா பிள்ளைகளுக்கு இராமர் அம்பு விட்டு இந்தத் தண்ணீரை வரவழைத்த கதையைச் சொன்னாள். நான் என் பங்குக்கு விளக்கம் கொடுத்தேன்: யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் குடாநாடு, வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர், கடலில் இருந்து ஊறி வரும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. மகன் இரண்டையும் கேட்டுவிட்டு அம்பையே நம்பினான். தேசிக்காயில் நகத்தால் கீறி எறிந்ததும் அவன்தான்.

கீரிமலையில் கடல் ஓர் எட்டில் இரைகிறது. கேணிக்குள் ஊற்றுத் தண்ணீர். ஆண்கள் கேணியில் மகன் இறங்கினான். மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கேணி. அறுபதை நெருங்கும் அக்கா முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டே இறங்கி, பிறகு ஏறவே மாட்டேன் என்றாளாம். மகள் வந்து சொன்னாள். எனக்கு மதிலுக்கு மேலால் அவளுடைய சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

மகன் படியில் இருந்து காத்திருந்தான். காய் வரவில்லை. "அது ஆறுதலா வரும்" என்றாள் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டு.

திரும்பி வரும்போது பிள்ளைகள் நித்திரை. தெல்லிப்பழை தாண்டியபோது அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நாங்கள் குடும்பமாக் கடைசியா றோட்டிலை வெளிக்கிட்டது எப்ப தெரியுமே? 95 ஒக்டோபர் 30." வலிகாமமே ஒரு இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்த நாள் அது. அத்தான் சைக்கிளைத் தள்ள, இவள் சின்னவனைத் தூக்கிக்கொண்டு மழைக்குள்ளே நடந்தாள். அதற்குப் பிறகு அந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு இடமும் போகவில்லை.

ஊரைப் பிரிந்து இருந்தவன் நான் ஒருவன்தான் என்று 35 வருசமாக நினைத்திருந்தேன். ஊரிலேயே இருந்தவர்களுக்கும் ஊர் எட்டாமல் இருந்திருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களே, வானில் ஓர் இருக்கையை வீட்டில் இருப்பவர்களுக்கு விட்டுவையுங்கள். "நீங்கள் போட்டு வாங்கோ" என்றுதான் முதலில் சொல்வார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள்.